பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: கணிப்பொறி மின்வழங்கியின் கதை

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கணிப்பொறி திடீரென்று தானாக அணைந்து மீண்டும் தொடங்குகிறது. மறுநாள் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. அடுத்த வாரம் நினைவகத்தில் பிழை என்று ஒரு செய்தி தோன்றுகிறது. பிறகு ஒரு நாள் வட்டு 'டக் டக்' என்று ஒலிக்கிறது. இவற்றைக் கண்டால் நீங்கள் எதன்மீது ஐயம் கொள்வீர்கள்? முதலில் மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றுவீர்கள். அடுத்து நினைவகத்தை மாற்றுவீர்கள். அதன் பின் வட்டை மாற்றுவீர்கள். பெட்டியின் மூலையில் ஒரு விசிறியுடன் அமர்ந்திருக்கும் தகரப் பெட்டியின் நினைவு கடைசியில்தான் வரும். அதுதான் மின்வழங்கி. கடைத்தெருவில் அதனை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள்.

கணிப்பொறிக்குள் 1 என்பதும் 0 என்பதும் உண்மையில் மின்னழுத்தத்தின் அளவுகளே. ஓர் எல்லைக்கு மேல் இருந்தால் 1. ஓர் எல்லைக்குக் கீழ் இருந்தால் 0. மின்வழங்கி தரும் அழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தாலும், பழுதில்லாத உறுப்பு ஒன்று 1-ஐ 0 என்று படித்துவிடக்கூடும். தவறு செய்தது அந்த உறுப்பு போலத் தோன்றும்; செய்ய வைத்தது மின்வழங்கி. 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்னும் பழமொழி இதற்கு நன்கு பொருந்தும். உண்மையான குற்றவாளியை அறியப் பொறியியலாளர்கள் எவ்வாறு கற்றுக்கொண்டார்கள் என்பதைப் பார்ப்போம்.

அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்தவர்கள்

1946-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் கணிப்பொறி உலகுக்கு அறிமுகமானது. அதில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அது உண்ட மின்திறன் சுமார் 150 கிலோவாட். ஒரு வால்வு கெட்டாலும் கணக்கு தவறிவிடும். வால்வுகளில் பல, பொறியை அணைத்து மீண்டும் இயக்கும்போதுதான் பழுதடைந்தன. குளிர்ந்த இழை திடீரென்று சூடேறுவதே அதற்குக் காரணம். ஆகவே பொறியை அணைக்காமலே வைத்திருக்க முயன்றார்கள்.

இதற்கு மேலும் ஒரு படி சென்றவர்கள் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர். ஜே ஃபாரஸ்டர் தலைமையில் அவர்கள் அமைத்த வேர்ல்விண்ட் என்னும் கணிப்பொறி 1951-இல் செயல்படத் தொடங்கியது. அது நிகழ்நேரத்தில் இயங்க வேண்டிய பொறி. கணக்கின் நடுவே வால்வு ஒன்று கெடுவதை அதனால் தாங்க முடியாது. எனவே அவர்கள் 'எல்லைச் சோதனை' என்று சொல்லத்தக்க ஒரு முறையைக் கையாண்டார்கள். சோதனைக் கணக்கு ஒன்றை ஓட விட்டு, சுற்றுகளுக்குச் செல்லும் அழுத்தத்தை வேண்டுமென்றே சிறிது கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். நல்ல வால்வு அதைத் தாங்கிக்கொண்டது. முதுமையடைந்த வால்வு தடுமாறியது. அதனை அப்போதே கழற்றி எறிந்தார்கள். வண்டியில் சற்றுக் கூடுதலாகப் பாரம் ஏற்றினால், நாளை நொண்டப் போகும் மாடு எது என்று இன்றே தெரிந்துவிடுமல்லவா? அதைப் போன்றதே இது.

அமெரிக்க வான் பாதுகாப்புக்காக 1958 முதல் இயங்கிய சேஜ் அமைப்பின் மாபெரும் கணிப்பொறிகளிலும் இதே முறை பின்பற்றப்பட்டது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அழுத்தத்தை அளவோடு மாற்றினால் கெட்ட உறுப்பு வெளிப்படுகிறது. ஆனால் அழுத்தம் தானாகவே மாறினால் நல்ல உறுப்பும் கெட்டதுபோலக் காட்சியளிக்கும். மேசைக் கணிப்பொறி வந்த பின் இந்த இரண்டாவது சங்கடம்தான் பெரிதாயிற்று.

கனத்த இரும்பு போய், வேகமான விசை வந்தது

பழைய முறை மின்வழங்கியில் முதலில் வருவது ஒரு கனத்த மின்மாற்றி. நொடிக்கு 50 அல்லது 60 முறை மட்டுமே திசை மாறும் மின்னோட்டத்தைக் கையாளப் பெரிய இரும்பு உள்ளகம் வேண்டும். அதன் பின் ஒரு டிரான்சிஸ்டர், மிகுதியான அழுத்தத்தை வெப்பமாக எரித்துவிட்டு, தேவையானதை மட்டும் வெளியே விடும். ஏறத்தாழப் பாதி ஆற்றல் இவ்வாறு வீணாகும். ஆனால் அமைப்பு எளியது.

விசைமுறை மின்வழங்கி வேறு வழியில் செல்கிறது. வீட்டு மின்சாரத்தை முதலிலேயே நேர்த்திசை மின்னோட்டமாக்கிவிடும். 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம் இவ்வாறு மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகும். இதனை டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைக்கும். இவ்வளவு வேகத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு மின்மாற்றியே போதும். வெளிவரும் அழுத்தம் குறைந்தால் விசை சற்றுக் கூடுதல் நேரம் இணைந்திருக்கும். மிகுந்தால் குறைந்த நேரம் இணைந்திருக்கும். இம்முறை 1960-களிலேயே விண்வெளிக் கருவிகளில் இருந்தது. 1976-இல் ராபர்ட் மாமானோ வடிவமைத்த எஸ்.ஜி.1524 போன்ற கட்டுப்பாட்டுச் சில்லுகள் வந்தபோது அது மலிவாயிற்று. 1977-இல் வெளிவந்த ஆப்பிள் இரண்டு கணிப்பொறிக்கு ராட் ஹோல்ட் இம்முறையில் ஒரு மின்வழங்கியை வடிவமைத்தார். வெப்பம் குறைவாக இருந்ததால் அந்தக் கணிப்பொறிக்கு விசிறியே தேவைப்படவில்லை.

சிறுமையும் சிக்கனமும் கிடைத்தன. அவற்றுக்கு ஈடாகச் சிக்கல் பெருகியது. பழைய மின்வழங்கி கெட்டால் பெரும்பாலும் ஒரேயடியாகக் கெடும். புதியது அரைகுறையாகக் கெடவும் வல்லது.

'எல்லாம் நலம்' என்னும் சைகை

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பி.சி.யின் மின்வழங்கி 63.5 வாட் திறன் உடையது. 1984-இல் வந்த ஏ.டி. கணிப்பொறியில் அது 192 வாட் ஆயிற்று. இவற்றின் மின்வழங்கி கணிப்பொறியோடு ஒரு கம்பி வழியாகப் பேசியது. தன் அழுத்தங்கள் யாவும் சரியான நிலைக்கு வந்த பின் 'மின்சாரம் நலம்' என்று ஒரு சைகை அனுப்பும். அதுவரை செயலகம் தொடக்க நிலையிலேயே நிறுத்தி வைக்கப்படும். மின்வழங்கியே தன் உடல்நிலையைக் கூறும் ஏற்பாடு இது.

ஏ.டி. கணிப்பொறி மற்றொரு செய்தியையும் கற்பித்தது. வன்வட்டு இல்லாமல் விற்கப்பட்ட பொறிகளில், வட்டு இருக்க வேண்டிய இடத்தில் 50 வாட் மின்தடை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. காரணம், போதிய சுமை இல்லாவிட்டால் அந்த மின்வழங்கி சரிவர இயங்காது. சுமையற்ற நிலையில் அதனை அளந்து முடிவு கூறுவது, உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து அவரால் மலை ஏற முடியும் என்று சொல்வது போலாகும்.

1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் தர அமைப்பை வெளியிட்டது. அதில் கணிப்பொறியின் பொத்தான் வீட்டு மின்சாரத்தை நேரே இணைப்பதில்லை. மின்வழங்கி எப்போதும் ஒரு சிறு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைத் தந்துகொண்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் தாய்ப்பலகை 'தொடங்கு' என்று கட்டளையிடும். ஆகவே பொத்தானை அழுத்தியும் உயிர் வராதபோது, கட்டளையிட்டவர் கெட்டாரா, கேட்டவர் கெட்டாரா என்று பிரித்தறிய வேண்டியதாயிற்று.

உப்பிய மின்தேக்கிகள்

வழங்கியின் வெளிவாயிலில் நிற்பவை மின்பகுளி நிரம்பிய அலுமினிய மின்தேக்கிகள். துண்டு துண்டாக வரும் மின்சாரத்தைச் சமன்படுத்துவது அவற்றின் வேலை. தாய்ப்பலகையிலும் இத்தகைய மின்தேக்கிகள் உண்டு. 12 அல்லது 5 வோல்ட்டைச் செயலகத்துக்கு ஏற்ற ஓரிரு வோல்ட்டாகக் குறைக்கும் கடைசிக் கட்டம் அங்குதான் இருக்கிறது. ஆகவே மின்வழங்கல் அந்தத் தகரப் பெட்டியோடு முடிந்துவிடுவதில்லை.

2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் இம்மின்தேக்கிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் உப்பி வெடிக்கத் தொடங்கின. நீர் மிகுந்த மின்பகுளியில் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சரியாகச் சேராவிட்டால், நீர் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். வாயுவின் அழுத்தத்தால் மின்தேக்கியின் தலை உப்பும். பழுப்பு நிறக் கசிவு தோன்றும். மின்பகுளிச் சூத்திரம் ஒன்று அரைகுறையாகத் திருடப்பட்டதே காரணம் என்ற செய்தி 2003-இல் அமெரிக்க மின்பொறியாளர் சங்க இதழில் வெளிவந்தது. ஆயினும் எல்லாப் பழுதுக்கும் அது ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. பெயர்பெற்ற ஜப்பானிய மின்தேக்கிகளும் சில பலகைகளில் உப்பின.

டெல் நிறுவனம் இத்தகைய பலகைகளைச் சீராக்க 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்கியது. அதே ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ஐமேக் ஜி5 கணிப்பொறிகளின் மின்வழங்கல், திரைப் பழுதுகளுக்குத் தனிப் பழுதுநீக்கத் திட்டம் ஒன்றை அறிவித்தது. டெல்லின் மீது தொடுக்கப்பட்ட வழக்கின் ஆவணங்களை வைத்து 2010 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் கணிப்பொறிகள் பழுதானபோது, கடினமான கணக்குகளைப் போட வைத்துப் பொறிகளை வருத்தியதே காரணம் என்று கூறப்பட்டதாம்! கணக்கிடுவதற்கென்றே பிறந்த பொறி கணக்கினால் கெட்டது என்ற விளக்கத்தைவிட, பழியை இடம் மாற்றியதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நீங்கள் சோதிக்கும் முறை

இந்த வரலாற்றிலிருந்து ஓர் ஒழுங்குமுறை கிடைக்கிறது. முதலில் ஓர் எச்சரிக்கை. மின்வழங்கியின் தகரப் பெட்டியை ஒருபோதும் திறக்க வேண்டாம். செருகியைப் பிடுங்கிய பின்னரும் உள்ளேயுள்ள பெரிய மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும். அது உயிரைப் பறிக்கவல்லது. கீழ்க்காணும் சோதனைகள் யாவும் வெளியே வரும் கம்பிகளில் செய்யத்தக்கவை.

ஒன்று: வெளிப்புறத்தைப் பாருங்கள். சுவர் இணைப்பு, கம்பி, பின்புற விசை ஆகியவை சரியா? பழைய வழங்கிகளில் 115, 230 என்று ஒரு தெரிவு விசை இருக்கும். 230 வோல்ட் வரும் நம் நாட்டில் அது 115-இல் நின்றால் வழங்கி நொடியில் அழியும்.

இரண்டு: ஊதாக் கம்பியில் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் உள்ளதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். அது இல்லாவிட்டால் பொத்தானைக் குறை கூறிப் பயனில்லை. பல புதிய வழங்கிகளில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே இருக்கும். அங்கு நிறத்தைப் பாராமல், இணைப்பானில் கம்பியின் இடத்தைப் படம் பார்த்து உறுதி செய்யுங்கள்.

மூன்று: மின்சாரத்தைத் துண்டித்து, பெரிய இணைப்பானைப் பலகையிலிருந்து கழற்றுங்கள். பச்சைக் கம்பியின் துளையையும் ஒரு கறுப்புக் கம்பியின் துளையையும் சிறு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு மின்சாரம் தாருங்கள். விசிறி சுழன்றால் வழங்கி தொடங்குகிறது என்று மட்டுமே பொருள். அது நலமாக உள்ளது என்று பொருளன்று.

நான்கு: மீண்டும் பொருத்தி, கணிப்பொறி கடுமையாக உழைக்கும்போது அளவிடுங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் வரை இருக்கலாம். 'நலம்' கூறும் சாம்பல் நிறக் கம்பியில் ஏறத்தாழ 5 வோல்ட் இருக்க வேண்டும்.

ஐந்து: எண்கள் சரியாக இருந்தும் பழுது தொடர்ந்தால், மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டுகிறது என்பதை நினைவில் வையுங்கள். உலர்ந்த மின்தேக்கி விடும் சிற்றலை அதன் கண்ணுக்குப் படாது. 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், 5 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட் என்பவை சிற்றலைக்கு ஏ.டி.எக்ஸ். விதித்த எல்லைகள். இவற்றைக் காண ஆஸிலாஸ்கோப் வேண்டும். அது இல்லாதவர்கள் நல்லதென்று உறுதியாகத் தெரிந்த வேறொரு வழங்கியைப் பொருத்திச் சில நாட்கள் பார்க்கலாம். பெரும்பாலும் அதுவே இறுதித் தீர்ப்பாக அமையும்.

குறிகளையும் கவனியுங்கள். குளிர்ந்த காலையில் பலமுறை முயன்ற பின்னரே தொடங்கி, சூடான பின் நன்றாக ஓடும் பொறியில் மின்தேக்கிகள் முதுமை அடைந்திருக்கலாம். குளிரில் அவற்றின் உள்தடை உயர்வதே காரணம். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. விசிறியில் சேரும் தூசியைத் துடைப்பது எவ்வளவு பயனுள்ளது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

வேர்ல்விண்ட் பொறியாளர்கள் நம்மைவிட ஒரு விதத்தில் நல்வாய்ப்புடையவர்கள். அவர்கள் மாற்றிய அழுத்தம் எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரியும். நமக்கோ அது தெரியாமலே மாறுகிறது. ஆகவே நினைவகத்தையோ வட்டையோ குப்பையில் போடும் முன், அதற்கு உணவளித்தவரை ஒருமுறை விசாரியுங்கள். குற்றமற்ற பல உறுப்புகள் அதனால் தப்பிப் பிழைக்கும். உங்கள் பணமும் மிஞ்சும்.