ஆதி அணுவும் ஒரு பாதிரியாரும்

போன எபிசோடைக் கேட்டுட்டு நிறைய பேர் அனுப்பின கேள்வி ஒண்ணுதான்: "பெருவெடிப்பு சரி, அதுக்கு முன்னாடி? பிரபஞ்சம் ஏன் இருக்குன்னே அறிவியலால சொல்ல முடியுமா?" இதுக்கு ஒரு பாதிரியாரோட கதையைச் சொல்றேன்.

ஜார்ஜ் லெமைத்ரு. பெல்ஜியம்காரர். கத்தோலிக்கக் குரு, லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை வைத்தே, பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதினார். 1931இல் இன்னொரு படி போனார். விரிவதைப் பின்னோக்கி ஓட்டினால், எல்லாம் ஒரே ஒரு 'ஆதி அணு'வில் போய் நிற்கும் என்றார். பைபிள் படைப்புக் கதையைக் கொல்லைப்புறமா உள்ளே கொண்டுவர்றாரோ என்று சிலருக்குச் சந்தேகம். 1949இல் பிபிசி வானொலியில் 'பிக் பேங்' என்று இதற்குப் பெயர் வைத்த பிரெட் ஹாயில் கடைசிவரை இதை ஏற்கவே இல்லை.

1951 நவம்பர். போப் பன்னிரண்டாம் பயஸ், வாடிகன் அறிவியல் கழகத்தில் பேசுகிறார். நவீன அறிவியல் படைப்பின் முதல் கணத்துக்கே சாட்சி சொல்கிறது என்கிற மாதிரி ஒரு பேச்சு.

லெமைத்ரு சந்தோஷப்பட்டிருக்கணும், இல்லையா? அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆதி அணு ஓர் இயற்பியல் கருதுகோள், நாளைக்கே தப்பாகலாம். அதன்மேல் கடவுளை உட்கார வைத்தால் இரண்டுக்கும் ஆபத்து. 1952இல் ரோமில் கூடிய வானியலாளர்களிடம் போப் மறுபடி பேசினார். அந்த ஒப்பீடு அதில் இல்லை.

1965இல் பென்சியாஸ், வில்சன் இருவரும் வானமெங்கும் பரவிய நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். வெப்பமான ஆரம்பத்துக்கு அது வலுவான சான்று. 1966இல் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு அந்தச் செய்தி லெமைத்ருவை எட்டியது.

அவர் பிரித்து வைத்தது என்ன? ஆரம்பம் வேறு, படைப்பு வேறு. முதல் நிலை எப்படி இருந்தது என்பது அறிவியல் கேள்வி. ஒண்ணுமே இல்லாம இருக்கறதுக்குப் பதிலா ஏன் ஏதோ ஒண்ணு இருக்கு என்பது இன்னொரு கேள்வி. 1982இல் அலெக்சாண்டர் விலென்கின், 'ஒன்றுமில்லாததிலிருந்து' பிரபஞ்சம் தோன்றலாம் என்று கணக்குப் போட்டார். ஆனால் அந்தக் கணக்குக்கும் குவாண்டம் விதிகள் வேண்டும். அந்த விதிகள் எங்கிருந்து வந்தன?

ஆகவே என் பதில் இதுதான். அறிவியல் கதவை இன்னும் இன்னும் பின்னாடி தள்ளிக்கிட்டே போகும், போகணும். கடைசிக் கதவைத் திறந்தாச்சு என்று விஞ்ஞானி சொன்னாலும் சரி, சாமியார் சொன்னாலும் சரி, நான் கொஞ்சம் யோசிப்பேன். லெமைத்ரு யோசித்தார், போப்பே சொன்னபோதும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.