வான்கோழியின் மீள்குடியேற்றம்

ஒரு காட்டுப் பறவையை அழியாமல் காப்பாற்றினது வேட்டைக்காரர்தான் எண்டு சொன்னால் எங்களில் கனபேர் சிரிப்பம். ஆனால் அமெரிக்காவில் வான்கோழியின் வரலாறு பெரும்பாலும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. அந்தக் கதையில் எவ்வளவு உண்மை, எது விடுபட்டுப் போச்சு?

முதலில் பெயரைப் பார்ப்பம். வான்கோழி வட அமெரிக்கப் பறவை. கொலம்பஸ் வருவதற்கு ஆயிரம் வருசத்துக்கு மேல் முதலே மெக்சிக்கோ பக்கத்து மக்கள் அதை வீட்டில் வளர்த்தார்கள். ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன பிறகு ஆங்கிலேயர் துருக்கியின் பெயரை வைத்தார்கள், துருக்கியர் இந்தியாவின் பெயரை வைத்தார்கள், ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டையின் பெயரால் 'கல்கூன்' எண்டார்கள். சிங்களத்தில் 'களுகும்' எண்டு சொல்வதும் இந்த ஒல்லாந்தச் சொல்லில் இருந்து வந்ததுதான். அதன் சொந்த மண்ணின் பெயரை மட்டும் ஒருத்தரும் வைக்கவில்லை.

குடியேறிகள் காடுகளை வெட்டி வயலாக்கினார்கள். சந்தையில் விற்பதற்காக வருசம் முழுக்கச் சுட்டார்கள். மசாசூசெட்ஸில் கடைசிப் பறவை 1851இல் போனது. 1930களில் நாடு முழுக்க 2 இலட்சம் அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் மிச்சம் இருந்தன.

1937இல் பிட்மன்-றொபேட்சன் சட்டம் வந்தது. வேட்டைத் துவக்குகளுக்கும் தோட்டாக்களுக்கும் இருந்த வரி, மாநிலங்களின் வனவிலங்கு வேலைக்கு என்று ஒதுக்கப்பட்டது. வேட்டை லைசன் காசை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. காசு வந்தது, ஆனால் வழி தெரியவில்லை. கூட்டில் பொரித்து வளர்த்த குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். தாய்ப்பேட்டிடம் ஒன்றும் பழகாத அந்தக் குஞ்சுகள் நரிக்கும் பருந்துக்கும் இரையாகிப் போயின. 1951இல் தென் கரோலினாவில், நீர்ப்பறவைகளைப் பிடிக்கப் பயன்பட்ட பீரங்கி வலையால் காட்டு வான்கோழிகளை உயிரோடு பிடித்தார்கள். அதற்குப் பிறகு கதை மாறியது. பிடித்துப் பெட்டியில் போட்டு, பறவை இல்லாத காட்டில் கொண்டுபோய் விடுவது. எங்கட பாசையில் சொன்னால் மீள்குடியேற்றம். 1970களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் இருந்து மசாசூசெட்ஸுக்கு கொண்டுவந்தது வெறும் 37 பறவைகள். இன்றைக்கு பொஸ்டன் பக்கத்துத் தெருக்களில் வான்கோழி வாகனத்தை மறிக்குது. 2000களில் நாடு முழுக்க எண்ணிக்கை 60 இலட்சத்தையும் தாண்டியது.

இந்த மீட்சியோடு சேர்ந்துதான் வசந்தகால வேட்டையும் பரவியது. இணைசேரும் காலத்தில் சுடுவது சரியில்லாத வேலை மாதிரித் தெரியும். ஆனால் அதற்கு ஒரு கணக்கு இருக்கு. ஒரு சேவல் பல பேடுகளோடு இணைசேரும். பேடுகள் அடைகாக்கத் தொடங்கின பிறகு சில சேவல்கள் போனாலும் அடுத்த தலைமுறைக்குப் பெரிய இழப்பு இல்லை. அதனால் வசந்தத்தில் சேவல் மட்டும். மிசூரி மாநிலம் 1960இல் 14 மாவட்டங்களில், 3 நாளைக்கு மட்டும் இதைத் திறந்து பார்த்தது. விழுந்தது 94 பறவைகள். பிறகு ஒவ்வொரு மாநிலமாகத் திறந்தன.

இதில் இருந்து வழிகாட்டி முகாம் என்ற தொழில் வளர்ந்தது. வான்கோழியில் நாலு உள்ளினத்தையும் சுட்டால் 'கிராண்ட் ஸ்லாம்'. அதில் ஒசியோலா என்பது புளோரிடா குடாநாட்டில் மட்டும்தான் உண்டு. அதனால் தூரத்து மாநிலக்காரர் காசு கட்டிப் போகிறார்கள். படுக்கை, சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் முகாம் தரும். விடியமுதல் வழிகாட்டி ஆந்தை மாதிரிக் கத்துவார். மரத்தில் அடைந்திருக்கும் சேவல் திடுக்கிட்டுப் பதில் குரல் கொடுக்கும். பிறகு 1897இல் கிப்சன் என்பவர் காப்புரிமை எடுத்த பெட்டிக்கருவி மாதிரி ஒன்றை உரசிப் பேட்டின் குரலை எழுப்புவார். இயற்கையில் சேவல் கூப்பிடும், பேடு போகும். இங்கே சேவலைத் தலைகீழாக நடக்கவைக்க வேணும். அந்த வித்தைக்குத்தான் காசு.

அமெரிக்கச் சட்டத்தில் காட்டு விலங்கு பொதுமக்களின் சொத்து. ஆனால் அது நிற்கிற நிலம் அப்படி இல்லை. ரெக்சஸில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட நிலம் தனியார் கையில். பறவை எல்லாருக்கும் சொந்தம், கேற்றுத் திறப்பு ஒருத்தருக்குச் சொந்தம். முகாம் உண்மையில் விற்பது அந்தத் திறப்பைத்தான்.

வேட்டைக்காரர் கதையில் விடுபட்டது இதுவும்தான்: துவக்குக்கு அந்த வரியைக் கட்டியவர்களில் பலர் வேட்டைக்காரரே இல்லை. கைவிட்ட பண்ணைகளில் காடு தானாகத் திரும்பியிருக்காவிட்டால் பறவைக்கு இடமும் இல்லை. அதைவிட முக்கியமானது, 1830இன் இந்தியர் அகற்றல் சட்டம். செரோக்கி, கிறீக், சொக்ரோ மக்கள் துரத்தப்பட்டது கிழக்கு வான்கோழியின் அதே தெற்குக் காடுகளில் இருந்துதான். அந்தப் பறவையின் குரலையும் நடையையும் முதலில் படித்தவர்கள் அவர்கள்.

வேட்டைக்காரரின் காசு பறவையைக் காப்பாற்றியது என்பது பொய் இல்லை. ஒரு அரசு மனம் வைத்தால் வலை, பெட்டி, வாகனம், வரி எல்லாம் போட்டு, அழிந்த இடத்திலேயே ஒரு உயிரைத் திரும்பக் குடியேற்றலாம் என்பதற்கு வான்கோழி சாட்சி. பறவைக்கு முடிந்தது மனிசருக்கு ஏன் முடியவில்லை? தெற்கு மாநிலங்கள் சிலவற்றில் இப்ப திரும்பவும் எண்ணிக்கை குறைய, வேட்டை நாட்களைப் பின்தள்ளுகிறார்கள். அந்தக் காடுகளில் இருந்து துரத்தப்பட்டவர்களுக்கு ஒருத்தரும் திகதி குறிக்கவில்லை.