மன்னார்க் கரையிலிருந்து பல்கலைக்கழக வாயில்வரை: புதுமுக மாணவரை ஆயத்தப்படுத்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆண்டுதோறும் புதிய அணியினர் வந்துசேர்வதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே பல்கலைக்கழகங்களில் ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. மண்டபம் ஒழுங்குசெய்யப்படுகின்றது, கையேடு அச்சாகின்றது, பீடாதிபதியும் நூலகரும் விடுதிப் பொறுப்பாளரும் உரையாற்றவேண்டிய நேரங்கள் வகுக்கப்படுகின்றன. திசைமுகப்படுத்தல் நிகழ்ச்சி என இன்று வழங்கப்படும் இவ்வேற்பாடு, நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டியவற்றைச் சொல்லி முடிப்பதையே பெரிதும் நோக்கமாகக் கொண்டுள்ளது. கேட்டிருக்கும் மாணவர் எங்கிருந்து வந்தவர், எவற்றைக் கடந்து வந்தவர் என்னும் வினா அங்கு எழுவது அரிது. அவ்வினாவை எழுப்பாதவிடத்து வரவேற்பு வெறுஞ் சடங்காகிவிடும் என்பதை வரலாறு உணர்த்துகின்றது.

இதனை ஆராய்வதற்கு மன்னார் மாவட்டம் பொருத்தமானதொரு களமாகும். பெருநிலத்துடன் நீண்ட தாம்போதியொன்றினால் இணைக்கப்பட்ட தீவில் பேசாலை, தலைமன்னார், எருக்கலம்பிட்டி முதலிய ஊர்கள் கடலை நம்பி வாழ்கின்றன. எதிர்க்கரையில் கட்டுக்கரைக் குளத்து நீரால் நானாட்டான், முருங்கன் பகுதி வயல்கள் விளைகின்றன. தெற்கே ஒருகாலத்தில் முத்துக்குளிப்பாற் புகழ்பெற்ற அரிப்பும் சிலாபத்துறையும் உள்ளன. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இந்துக்களும் அயலவராக வாழும் இம்மாவட்டத்திற் பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. ஆகவே இங்கிருந்து உயர்கல்வி நாடும் ஒவ்வொருவரும் ஊரை விட்டுப் புறப்பட்டாக வேண்டும். அவ்வாறு புறப்பட்டோரை ஏற்றுக்கொள்ளப் பல்கலைக்கழகங்கள் எவ்வளவு தூரம் ஆயத்தமாயிருந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு பழைய முன்னுதாரணம்

புதிதாக வருவோரைப் பயிற்றுதல் என்னும் எண்ணம் இக்கடற்பரப்புக்குப் புதியதன்று. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். முத்துக்குளித்துறைக் கரையில் 1547 முதற் பணியாற்றிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் இக்காலப்பகுதியில் மன்னாரிலும் தங்கியிருந்தார். போர்த்துக்கேயர் தமிழைக் கற்பதற்கென இலக்கணம் வகுத்தவரும், 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழில் ஆக்கியவரும் அவரே. கரைக்குப் புதிதாக வரும் குருமார் மக்களின் மொழியைக் கற்றேயாக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். புன்னைக்காயலில் அவர்கள் தமிழ் பயில்வதற்கு ஒழுங்குகள் செய்யப்பட்டன.

அம்முயற்சியின் நோக்கம் சமயப் பரப்பலே என்பதையும், அதன் பின்னணியிற் பேரரசொன்றின் படைபலம் நின்றது என்பதையும் மறப்பதற்கில்லை. எனினும் அதனுள் ஒரு கல்விக் கோட்பாடு பொதிந்திருந்தது. புதியவரிடம் குறை காண்பதற்கு முன்னர், அவருக்கு வேண்டிய பயிற்சியை அளிப்பது அவரை அழைத்த நிறுவனத்தின் கடமை என்பதே அது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளின் பின்னர் இதே கரையிலிருந்து மாணவர்கள் பல்கலைக்கழகம் நோக்கிப் புறப்பட்டபோது, அக்கடமையை ஏற்க முன்வந்தோர் அதிகமில்லை.

ஆங்கிலம் திறந்த வாயில்

1921இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1942 யூலை 1ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் வாழும் விடுதிப் பல்கலைக்கழகமொன்றைப் பேராதனையில் உருவாக்க முனைந்தார். 1952இல் பல்கலைக்கழகம் மகாவலிக் கரைக்கு இடம்பெயர்ந்தது. விடுதி வாழ்க்கையே கல்வியின் ஒரு பகுதி என்னும் ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் மரபு அங்கே நிலைகொண்டது.

அக்காலப் பல்கலைக்கழகம் புதுமுக மாணவரை ஆயத்தப்படுத்துவது பற்றி அதிகம் கவலை கொள்ளவேண்டியிருக்கவில்லை. நகரத்து ஆங்கிலக் கல்லூரிகள் அப்பணியை முன்கூட்டியே செய்து முடித்திருந்தன. மொழியும் உடையும் உணவு மேசை ஒழுக்கமும் கல்லூரி விடுதிகளிலேயே பழக்கப்பட்டிருந்தன. அத்தகைய கல்லூரிகளிற் பயிலும் வாய்ப்பு மன்னாரின் மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்கோ கமக்காரர் மகனுக்கோ எளிதிற் கிட்டக்கூடியதாக இருக்கவில்லை. வாயிலில் எவரும் அவர்களைத் தடுக்கவில்லை. வாயில்வரை செல்லும் பாதையே அவர்களுக்கு இருக்கவில்லை.

இருவேறு மாற்றங்கள் இந்நிலையைத் தளர்த்தின. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டளவிற் கலைப்பீடத்தில் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாயின. தாய்மொழியிற் பயின்ற கிராமத்து மாணவர் முதன்முறையாகப் பெருந்தொகையிற் பல்கலைக்கழகம் புகுந்தனர். பல்கலைக்கழகமோ இன்னமும் பழைய மாணவரையே எதிர்பார்த்து நின்றது. விரிவுரை தமிழில் நடந்தாலும், நூலகத்து நூல்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருந்தன. வந்தவர் மாறியிருந்தார், வரவேற்ற முறை மாறவில்லை.

தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும்

எழுபதுகளின் அனுமதிக் கொள்கை இலங்கைத் தமிழர் வரலாற்றில் ஆழ்ந்த வடுவை ஏற்படுத்தியது. 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது மொழிவாரியாக வெவ்வேறு புள்ளிகள் வரையறுக்கப்பட்டன. 400 புள்ளிகளுக்கு, பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 227 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. மருத்துவத்துக்கு அவை முறையே 250, 229 ஆக அமைந்தன. இந்த அநீதி யாழ்ப்பாணத்து மாணவரை மாத்திரமன்றி, தமிழ்மொழியிற் பயின்ற மன்னார் மாணவரையும் பாதித்தது என்பது மனங்கொளத்தக்கது.

1974இல் நடைமுறைக்கு வந்த மாவட்ட ஒதுக்கீடு இன்னொரு வகையினது. மாவட்டங்களின் குடித்தொகை விகிதத்திற்கேற்ப இடங்கள் பகிரப்பட்டபோது, வசதிமிக்க பாடசாலைகள் நிறைந்த யாழ்ப்பாணமும் கொழும்பும் இடங்களை இழந்தன. மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய தமிழ்ப் பகுதிகளுக்கோ வாய்ப்புப் பெருகிற்று. மொழிவாரித் தரப்படுத்தலையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் ஒன்றாகவே கருதும் போக்கு நம்மிடையே உண்டு. முன்னையது இனத்தின் பேரால் இழைக்கப்பட்ட பாகுபாடு. பின்னையது, நோக்கம் எதுவாயினும், பிரதேச ஏற்றத்தாழ்வைத் தொட்ட ஒரு நடவடிக்கை. தமிழர் அனைவரும் சமவசதி பெற்றவர் அல்லர் என்னும் கசப்பான உண்மையையும் அது வெளிப்படுத்தியது.

விகிதங்கள் பின்னர் பலமுறை மாறின. திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு 5 வீதம் என்னும் பகிர்வு நெடுங்காலம் நிலைபெற்றது. வசதி குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் மன்னாரும் இடம்பெற்றது. ஆனால், இடம் வழங்குவதோடு நீதி நிறைவுற்றுவிடுமா என்பது கேட்கப்படாமலே போயிற்று. ஆய்வுகூட வசதியற்ற பாடசாலையிலிருந்து வந்த மாணவரும் நகரத்துப் பெருங்கல்லூரி மாணவரும் முதல் நாளே ஒரே விரிவுரையில் அமர்ந்தனர். முன்னவர் பின்தங்கியபோது காரணம் பாடசாலையிலே தேடப்படவில்லை, அவரிடமே தேடப்பட்டது. கோட்டாவில் வந்தவர் என்ற ஏளனம் அவரைத் தொடர்ந்தது. அனுமதியின்போது அரசு ஏற்றுக்கொண்ட குறைபாட்டை, அனுமதியின் பின்னர் மாணவர் தனியே சுமக்கவேண்டியதாயிற்று.

பயணமும் வரவேற்பும்

1974 ஒக்ரோபரில் யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் கைலாசபதியின் தலைமையில் திறக்கப்பட்டது. அது 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதற்கு முன்னரும் பின்னரும் பலர் பேராதனைக்கும் கொழும்புக்கும் சென்றனர். தலைமன்னாரிலிருந்து புறப்படும் புகையிரதம் மதவாச்சி, அநுராதபுரம் வழியே தெற்கு நோக்கி ஓடும். பேராதனைக்குச் செல்பவர் பொல்காவலையில் மாறவேண்டும். கடற்காற்றிலே வளர்ந்தவருக்கு மலைநாட்டுக் குளிர் புதிது, சிங்களம் புதிது, தாய்தந்தையர் எவரும் கண்டிராத வாழ்க்கை புதிது. அவரை நிலையத்திற் சந்தித்துப் பெட்டியைத் தூக்கி, விடுதி காட்டி, படிவம் நிரப்ப உதவியவர் பெரும்பாலும் அதே ஊரின் அல்லது மாவட்டத்தின் மூத்த மாணவராகவே இருந்தார். தமிழ்ச் சங்கங்களின் வரவேற்பு விழாக்களும் மொழியால் அந்நியப்பட்டோருக்கு ஆறுதலளித்தன. இவ்வாறு நிறுவனம் விட்ட இடத்தை மாணவரே நிரப்பினர்.

அவ்வெற்றிடத்தைப் பகிடிவதையும் நிரப்பிற்று. உயர்வு தாழ்வு நீக்கி எல்லோரையும் சமமாக்குவது, மூத்தோருக்கும் இளையோருக்கும் இடையே உறவை வளர்ப்பது என அதற்கு நியாயம் கற்பிக்கப்பட்டது. அவமானத்தாற் சமத்துவம் பிறந்ததாக வரலாற்றிற் சான்றில்லை. 1997இல் பேராதனையில் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எனினும் சட்டம் தண்டிக்கும்; வரவேற்காது. வழிகாட்டலை எதிர்நோக்கி நிற்பவருக்கு நல்வழி காட்டுவார் இல்லாதவரை, தீயவழி காட்டுவார்க்கு இடமிருந்துகொண்டேயிருக்கும்.

போர்க்காலம்

1990ஆம் ஆண்டு மன்னாரின் வாழ்வைப் பிளந்தது. தாம்போதிப் பாலம் தகர்க்கப்பட்டது. தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. அவ்வாண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் மக்கள் புத்தளம் பகுதியில் அகதிகளாயினர். அவர்களின் பிள்ளைகள் அங்கு கொட்டில்களிலிருந்து உயர்தரப் பரீட்சைக்குப் படித்தனர். தமிழ்க் குடும்பங்கள் பல மடுவிலும் தமிழகத்து முகாம்களிலும் தஞ்சம் புகுந்தன. ஒரே மாவட்டத்து மாணவர் ஒருவரையொருவர் அறியாமலே வளர்ந்து, ஈற்றில் ஏதேனுமொரு பல்கலைக்கழகத்தில் அந்நியராய்ச் சந்தித்தனர். அச்சந்திப்புக்கு அவர்களை ஆயத்தப்படுத்தியவர் எவருமிலர்.

போரின் இறுதிக் கட்டத்தில் மாந்தை, அடம்பன் பகுதி மக்கள் வன்னிக்குள் இடம்பெயர்ந்து, 2009இல் செட்டிகுளம் முகாம்களிலே முட்கம்பி வேலிக்குள் அடைபட்டனர். இரண்டே ஆண்டுகளின் பின்னர், 2011 மே மாதத்தில், பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவானோருக்கு இராணுவ முகாம்களில் மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி தொடங்கப்பட்டது. நாடு முழுவதற்கும் பொதுவான ஏற்பாடு என அது கூறப்பட்டது. ஒரு முகாமிலிருந்து அண்மையில் மீண்ட பிள்ளைக்கு இன்னொரு முகாமே உயர்கல்வியின் முதற் படியாயிற்று என்பதை வகுத்தோர் எண்ணிப் பார்க்கவில்லை. புதியவர் யாவர் என்று கேளாத ஆயத்தம் எங்கே சென்று முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதற்கு மாறான முயற்சிகளும் இருந்தன. அனுமதிக்காகக் காத்திருந்த மாணவருக்கு 1990களிற் பிரதேசப் பாடசாலைகளிலேயே நடத்தப்பட்ட ஆங்கிலப் பயிற்சி வகுப்புகள் அத்தகையன. 1981இல் சட்டபூர்வமாக நிறுவப்பட்ட மகாபொல நிதியம் வறிய மாணவரின் கையில் மாதந்தோறும் சிறு தொகையைச் சேர்த்தது. முன்னது மாணவரின் ஊருக்கே சென்றது. பின்னது அவரது வீட்டு நிலையைக் கணக்கிற் கொண்டது. அதனாலேயே அவை பயன்பட்டன.

இன்று செய்யவேண்டியது

2010இல் மன்னார்ப் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணத்துக்கான பாதை குறுகியது. 2015இல் தலைமன்னார்வரை புகையிரதம் மீண்டும் ஓடியது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமாக உயர்ந்த வவுனியா நிறுவனம், 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அது அமைந்துள்ள பம்பைமடு, வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியிலேயே உள்ளது. பாதையின் தூரம் குறைந்துவிட்டது. மனத்தின் தூரத்தைக் குறைக்கும் பணியே எஞ்சியுள்ளது.

அப்பணியின் முதற் கூறு, திசைமுகப்படுத்தலைப் பல்கலைக்கழக மண்டபத்துக்கு வெளியே கொண்டு செல்லுதல். உயர்தரப் பரீட்சைக்கும் அனுமதிக்கும் இடையிலுள்ள நீண்ட காத்திருப்புக் காலத்தில், விரிவுரையாளரும் மூத்த மாணவரும் மன்னாரின் பாடசாலைகளுக்கே சென்று மொழிப் பயிற்சியும் பாட அறிமுகமும் அளித்தல் இயலும். இரண்டாவது, கல்வி வசதி குறைந்த மாவட்டத்து மாணவருக்கு முதலாம் ஆண்டிலே மேலதிக வகுப்புகளை, இரக்கமாகவன்றி உரிமையாக வழங்குதல். மூன்றாவது, வரவேற்பைப் பகிடிவதைக்காரரிடமிருந்து மீட்கும் பொறுப்பைத் தமிழ்ச் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் ஏற்றுக்கொள்ளுதல். புகையிரத நிலையத்திற் பெட்டியைத் தூக்க நீண்ட பழைய மூத்த மாணவரின் கை, எந்தச் சுற்றறிக்கையும் இன்றியே அப்பொறுப்பை நிறைவேற்றியது.

மாவட்ட ஒதுக்கீட்டின் வழியே வரும் மாணவர் எவரிடமும் சலுகை கேட்டு நிற்பவரல்லர். நீண்டகாலப் புறக்கணிப்புக்கு நாடு செலுத்தவேண்டிய கடனின் ஒரு பகுதியையே அவர் பெற்றுக்கொள்கிறார். அனுமதிக் கடிதம் அக்கடனின் முதற் தவணை. எஞ்சிய தவணைகள் வகுப்பறையிலும் நூலகத்திலும் விடுதியிலும் செலுத்தப்பட வேண்டியவை. அடுத்த அணியினரை வரவேற்க மண்டபம் ஒழுங்குசெய்வோர், கையேட்டை அச்சுக்குக் கொடுக்கும் முன்னர் இதனை ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.