பால் நீக்கிய சைவம்

"சைவம்" என்னும் சொல் முதற்கண் சிவநெறியைக் குறித்தது. புலால் நீக்கிய உணவுக்கு அது பெயரானது பின்னை வழக்கு. அச்சொல்லைக் கேட்டவுடன் புலால் உண்ணாதார் அனைவரும் ஒரே நெறியினர் என்று கருதிவிடுகிறோம். வரலாற்றை நோக்கின், அவர்களை இருசாராராகப் பிரித்தது பால் என்பது புலனாகும்.

திருக்குறளின் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். ஊனுக்காக உயிர் கொல்லப்படுவதே ஆங்குக் கடியப்படுகிறது. பாலையும் தேனையும் வள்ளுவர் விலக்கினாரல்லர்; காமத்துப்பாலில் அவற்றை இனிமைக்கு உவமையாக ஆள்கிறார்.

மேனாட்டிலும் தொடக்கம் இவ்வாறே அமைந்தது. 1847இல் இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் நகரில் தோன்றிய மரக்கறி உணவாளர் சங்கம் பாலையும் முட்டையையும் தடுக்கவில்லை. 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தியடிகள், புலால் உண்பதில்லை எனத் தாய்க்கு வாக்களித்திருந்தார். ஹென்றி சால்ட் எழுதிய நூலைக் கற்றபின், வாக்குக்காகக் கொண்ட நெறியைத் தம் அறிவாலும் தழுவினார்.

1912இல் தென்னாப்பிரிக்காவில் அடிகள் பாலையும் துறந்தார். 1918இல் கொடிய வயிற்றுநோய் அவரை வீழ்த்தியது. மருத்துவர் பால் அருந்துமாறு வற்புறுத்தியும் மறுத்தார். ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்று கஸ்தூரிபா சுட்ட, இறுதியில் இசைந்தார். நோன்பேற்றபோது தம் எண்ணத்தில் இருந்தவை பசுவும் எருமையுமே என்று அமைதி கண்டார். ஆயினும், நோன்பின் சொல்லைக் காத்தேனேயன்றிக் கருத்தைக் காத்திலேன் என்னும் பொருள்படத் தம் வரலாற்றில் வருந்தி எழுதியுள்ளார்.

பாலை விலக்குவோர்க்குத் தனிச்சங்கம் அமைந்தது 1944 நவம்பரில். டொனால்ட் வாட்சன் என்னும் மரவேலை ஆசிரியரும் நண்பர் சிலரும் இங்கிலாந்தில் அதனை நிறுவி, "வீகன்" என்னும் பெயரைப் படைத்தனர். இன்று தமிழில் இந்நெறியை நனிசைவம் என்பர். பசு கன்றீன்றாலன்றிப் பால் இல்லை. பாற்பண்ணையில் பிறக்கும் காளைக்கன்றும் பால் வற்றிய பசுவும் பெரும்பாலும் இறைச்சிக்கே செல்கின்றன. ஆகவே பாலிலும் கொலை உண்டு என்பது அவர்தம் வாதம். தேனையும் தோற்பொருளையும் கூட அவர்கள் கொள்வதில்லை.

வாட்சன் சங்கம் கண்டபோது எவரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. குருதிக்கும் நரம்புக்கும் இன்றியமையாத வைட்டமின் பி12, 1948இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. பாலிலும் முட்டையிலும் அஃது உண்டு. தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறை வெளிப்படச் சில ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் நரம்பு கெடுதலும் உண்டு. இன்று நுண்ணுயிர்களைக் கொண்டு அதனை ஆக்குகின்றனர். அது சேர்த்த சோயாப்பாலாகவோ மாத்திரையாகவோ உட்கொண்டால் உயிர்க்கு ஊறின்றியும் உடல் பேணலாம்.

பால் உண்பதா, விடுவதா என்பதை அவரவர் நெஞ்சம் தெளிக. விடத் துணிந்த மாணாக்கர்க்கு அவர் துணிவைப் பழியாது பி12 பற்றி எடுத்துரைத்தல் ஆசிரியர் கடனாகும்.