விருந்தாளி வராத படுக்கையறை

சென்ற மாதம் என் நண்பர் ஒருவர் புதிதாகக் கட்டி முடித்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். கூடம், சமையலறை எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கடைசியில் பெருமையோடு படுக்கையறைக் கதவைத் திறந்தார். நான் வாசற்படியிலேயே ஒரு கணம் நின்றுவிட்டேன். நடுவில் பழைய காலத்துத் தூண் கட்டில். பக்கத்தில் ஊதுகுழல் வைத்த கிராமபோன். சுவரில் ஓர் அங்குலம் இடம் விடாமல் சட்டம் போட்ட படங்கள், நிலைக்கண்ணாடிகள், மூன்று பெண்டுலக் கடிகாரங்கள். மூன்று கடிகாரங்களும் மூன்று விதமாக மணி காட்டின.

"எல்லாம் தாத்தா காலத்துச் சாமான்கள்" என்றார்.

"உங்கள் தாத்தாவா?" என்று கேட்டேன்.

"யாருடைய தாத்தாவோ! பழைய சாமான் கடையில் வாங்கினேன்" என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

சிரித்துக்கொண்டே வீடு திரும்பினேன். ஆனால் அந்த அறை என் மனத்தை விட்டுப் போகவில்லை. ஊரார் தாத்தாக்களின் சாமான்களை விலை கொடுத்து வாங்கி, தான் தூங்குகிற அறையை ஒருவர் ஏன் நிரப்பிக் கொள்ள வேண்டும்? இது இன்றைய நாகரிகம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இருநூற்றைம்பது வருஷங்களுக்கு மேற்பட்ட பழக்கம் இது. இதைப் பிரபலப்படுத்தியவர்களில் என் ஜாதிக்காரர்களுக்கு, அதாவது நாவலாசிரியர்களுக்கு, நிறையப் பங்கு உண்டு!

இங்கிலாந்தின் பிரதம மந்திரியாயிருந்த ராபர்ட் வால்போலுக்கு ஹொரேஸ் வால்போல் என்று ஒரு பிள்ளை. அவர் 1747-ம் வருஷம் லண்டனுக்கு அருகே ட்விக்கன்ஹாமில் ஒரு சிறு வீட்டை எடுத்துக்கொண்டார். ஸ்ட்ராபெர்ரி ஹில் என்று அதற்குப் பெயர். அதைப் பல வருஷங்கள் சிரமப்பட்டு, நானூறு ஐந்நூறு வருஷத்துக் கோட்டை மாதிரி மாற்றி அமைத்தார். நீண்ட கூடத்தின் விதானம், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஏழாம் ஹென்றி மன்னரின் மண்டப விதானத்தைப் பார்த்துச் செய்தது. அங்கே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். இவரோ காகிதக் கூழில் செய்துவிட்டார்! அந்த வீட்டில் ஒருநாள் தூங்கும்போது, மாடிப்படிக் கைப்பிடியின் மேல் இரும்புக் கவசம் அணிந்த ராட்சசக் கை ஒன்று இருப்பதாகக் கனாக் கண்டார். அந்தக் கனவுதான் 1764-ல் 'ஒட்ராண்டோ கோட்டை' என்ற நாவலாயிற்று. பிற்காலத்துப் பேய்க் கதைகள் பலவற்றுக்கும் அதுவே மூதாதை. வால்போல் சேர்த்த சாமான்களெல்லாம் 1842-ல் ஏலம் போயின. ஏலம் போட்டு முடிக்க 24 நாட்கள் பிடித்தனவாம்.

வால்போலுக்கு இது பணக்கார விளையாட்டு. பழைய சாமான்கள் விளையாட்டாக இல்லாமல் வாழ்க்கைக்கே ஊன்றுகோலாக இருந்த இன்னொரு நாவலாசிரியர் உண்டு. அவர் நமக்கு அந்நியரல்லர். கவியோகி சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்த 'ஏழை படும் பாடு' நாவலைப் படித்தவர்களும், 1950-ல் நாகையா நடித்து வந்த அதே பெயருடைய படத்தைப் பார்த்தவர்களும் அவரை அறிவார்கள். விக்டர் ஹ்யூகோதான் அவர்.

1851-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி, லூயி நெப்போலியன் பிரான்ஸ் தேசத்தின் குடியரசைக் கவிழ்த்தான். எதிர்த்துக் குரல் கொடுத்த ஹ்யூகோவைப் பிடிக்க ஆட்கள் தேடினார்கள். டிசம்பர் 11-ந் தேதி இரவு, ஒரு தொழிலாளியின் பெயரில் வாங்கிய பாஸ்போர்ட்டுடன் ரயிலேறி அவர் பிரஸ்ஸல்ஸ் நகருக்குத் தப்பினார். இரண்டொரு நாளில், அவருடைய கையெழுத்துப் பிரதிகள் அடங்கிய பெட்டி ஒன்றை ஜூலியத் துரூவே என்ற தோழி பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தாள். பெட்டி தப்பியது, வீட்டுச் சாமான்கள் தப்பவில்லை. 1852 ஜூன் மாதம் பாரிஸில் அவை ஏலம் விடப்பட்டன. பல வருஷங்கள் தேடித் தேடிச் சேர்த்த பழைய செதுக்கு மரங்களும் திரைச்சீலைகளும் யார் யாருடைய வீட்டுக்கோ போய்ச் சேர்ந்தன. நண்பரும் கவியுமான தியோஃபீல் கோதியே அந்த ஏலத்தைப் பற்றிப் பத்திரிகையில் மனம் நொந்து எழுதினார்.

ஹ்யூகோ முதலில் ஜெர்ஸி தீவுக்குப் போனார். 1855-ல் அங்கிருந்தும் வெளியேற்றினார்கள். அடுத்த தீவாகிய கெர்ன்ஸிக்கு வந்தார். துரத்தித் துரத்தி அடிக்கப்பட்டவனுக்குச் சொந்தமாக ஒரு கூரை வேண்டுமென்று தோன்றுவது இயற்கைதானே? 1856 மே மாதத்தில் 'ஓத்வில் ஹவுஸ்' என்ற வீட்டை வாங்கினார். வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? அதற்கு முந்திய மாதம் வெளியான கவிதை நூலிலிருந்து. அந்த நூலின் உயிர்நாடி ஒரு புத்திர சோகம். 1843-ம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாத அவருடைய மூத்த மகள் லியோபோல்தீன், கணவனோடு படகு கவிழ்ந்து ஸேன் நதியில் இறந்துபோனாள். மகளுக்காக அழுத அழுகையை உலகம் விலை கொடுத்து வாங்கியது. அந்த விலையில் தகப்பன் வீடு வாங்கினான். எழுதுகிறவர்களின் தலையெழுத்து இப்படியும் இருக்கிறது!

அதன் பிறகு ஆரம்பமாயிற்று அலங்காரம். தீவெங்கும் அலைந்து, குடியானவர்கள் வீடுகளிலே கேட்பாரற்றுக் கிடந்த வேலைப்பாடுள்ள பழைய மரப்பெட்டகங்களை வாங்கினார். அவற்றை அப்படியே வைக்கவில்லை. தச்சர்களை வைத்துக்கொண்டு பிரித்துப் போட்டார். ஒரு பெட்டகத்தின் மூடி சுவராயிற்று, இன்னொன்றின் முகப்பு கணப்படுப்பின் மேலேறியது, கதவு மேஜையாயிற்று. தரையில் விரிக்க வேண்டிய கம்பளம் சுவரில் ஏறிக் கூரையையும் மூடியது. ஓர் அறையில் சிவப்புப் பட்டு, அடுத்ததில் நீலம். சாப்பாட்டு அறைச் சுவரெல்லாம் டெல்ஃப்ட் ஓடுகள். அதே அறையில் பெரிய பழைய நாற்காலி ஒன்றை வைத்து, யாரும் உட்காராதபடி குறுக்கே சங்கிலி போட்டார். அது இறந்தவர்களுக்கான ஆசனமாம்! குடும்பம் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தக் காலி நாற்காலியும் கூடவே இருந்தது.

இரண்டாவது மாடியில்தான் அந்தப் படுக்கையறை. 'ஓக் மரக்கூடம்' என்று சொல்வார்கள். கரியநிற மரத்தூண்கள், மரத்தில் செய்த பிரம்மாண்டமான விளக்குத் தண்டு, எதிரே கடல். ராஜாக்கள் படுக்கும்படியான கட்டில். அதன் தலைமாட்டில் லத்தீன் பாஷையில் மூன்று வார்த்தைகள்: இரவு, மரணம், ஒளி. இத்தாலியின் விடுதலை வீரர் கரிபால்டியைத் தம் வீட்டில் வந்து தங்கும்படி 1860களில் ஹ்யூகோ அழைத்தார். 'கரிபால்டியின் அறை' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. கரிபால்டி வரவேயில்லை.

சரி, விருந்தாளி வராவிட்டால் வீட்டுக்காரராவது படுத்தாரா? அதுதான் வேடிக்கை. வீட்டின் உச்சியிலே, கூரையை ஒட்டினாற்போல் ஒரு சின்னஞ்சிறு அறை. தாழ்வான ஒடுக்கமான படுக்கை ஒன்று. ஹ்யூகோ தூங்கியது அங்கேதான். காலையில் எழுந்து மொட்டை மாடியில் பச்சைத் தண்ணீரில் குளிப்பார். பிறகு, 1861-62ல் அங்கே கட்டிக்கொண்ட கண்ணாடி அறையில் நின்றபடியே எழுதுவார். வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் அங்கிருந்து பார்த்தால் பிரான்ஸின் கரை தெரியும்.

1860 ஏப்ரலில், பிரஸ்ஸல்ஸுக்கு வந்து சேர்ந்ததே, அந்தப் பெட்டியைத் திறந்து, பல வருஷங்களாக அரைகுறையாகக் கிடந்த நாவலை வெளியே எடுத்தார். அடுத்த வருஷம் முடித்தார். 1862-ல் வெளிவந்த அந்த நாவல்தான் நாம் 'ஏழை படும் பாடு' என்று படிப்பது. ஊரார் பெட்டகங்களை உடைத்து அலங்கரித்த அறைகள் கீழே இருக்க, சொந்தப் பெட்டியில் இருந்தது மாடியில் உலகத்துக்காக எழுதப்பட்டது.

ஆனால் வீடு நிறைய நிறைய, வீட்டிலே மனிதர்கள் குறைந்தார்கள். மனைவிக்கு அந்தத் தீவு பிடிக்கவில்லை. வெளியூர்களிலேயே அதிகமாகத் தங்கினாள். 1868-ல் பிரஸ்ஸல்ஸில் காலமானாள். இளைய மகள் அதேல், தன்னை விரும்பாத ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரியைத் தேடி 1863-ல் சொல்லாமல் கொள்ளாமல் கடல் கடந்து போய்விட்டாள். பின்னாளில் அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது. 1859-ல் பொது மன்னிப்பு வந்தபோது ஹ்யூகோ ஊர் திரும்ப மறுத்துவிட்டார். 1870-ல் சக்கரவர்த்தியின் ஆட்சி ஒழிந்த மறுநாள்தான் பாரிஸில் காலடி வைத்தார். 1885-ல் அவர் இறந்த பிறகு குடும்பத்தார் வசமிருந்த அந்த வீட்டை, 1927-ல் பாரிஸ் நகருக்கே கொடுத்தார்கள். பழுது பார்த்து 2019-ல் மறுபடியும் திறந்திருக்கிறார்கள். கட்டில் அப்படியே இருக்கிறது.

இந்தக் கதையை நண்பரிடம் சொன்னேன், அவரைக் கொஞ்சம் சீண்டலாம் என்ற எண்ணத்தோடுதான். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "எங்கள் வீடு கடனுக்கு ஏலம் போனபோது எனக்கு ஒன்பது வயது. தாத்தாவின் கட்டிலை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டு போனார்கள். தெருமுனை வரையில் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினேன்" என்றார்.

பிறகு, "இது அந்தக் கட்டில் இல்லை, எனக்குத் தெரியும்" என்று சேர்த்துக்கொண்டார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. முதல் நாள் நான் சிரித்த சிரிப்பை நினைத்து வெட்கமாயிருந்தது. பேச்சை மாற்றுவதற்காக, "அந்தக் கடிகாரங்களையாவது சரியான மணிக்குத் திருப்பி வைக்கக்கூடாதா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "ஒன்றை மட்டும் வைக்கிறேன்" என்றார்.