பானைக்குள்ள ஸ்பீக்கர் வெச்ச காலம்

எங்க பக்கம் பாட்டுன்னா ரொம்ப நாளைக்கு ரெண்டே வழிதான். ஒண்ணு பஞ்சாயத்து ரேடியோ. இன்னொண்ணு கல்யாணம், நோம்பிக்கு மரத்து மேல கட்டுற குழாய் ஸ்பீக்கர். ரெண்டுமே ஊர்ப் பொது. என்ன பாட்டுங்கறதை நாம முடிவு பண்ண முடியாது.

அதை மாத்தினது கேசட். பிலிப்ஸ் கம்பெனி 1963ல கொண்டுவந்தது. நம்ம ஊர்களுக்கு அது பரவலா வந்து சேர 80கள் ஆயிடுச்சு. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவங்க தூக்கிட்டு வந்த டேப்ரிக்கார்டர்தான் பல ஊர்ல முதல் ஸ்டீரியோ. அதுக்குச் சரியா 1978லயே இளையராஜா இசையில 'பிரியா' வந்திருந்துச்சு. தமிழ் சினிமாவுல ஸ்டீரியோவுல பதிவான முதல் பாட்டுகள்னு அதைத்தான் சொல்லுவாங்க. வயலின் ஒரு காதுல, கிடார் இன்னொரு காதுலன்னு பிரிச்சுக் கேட்ட அதிசயம் அப்ப ஆரம்பிச்சது.

கேசட் நாடாவோட அகலம் 4 மில்லிமீட்டர் கூட இல்லை. அதுல நாலு கோடு. ஒரு பக்கத்துக்கு ரெண்டு, இடது காதுக்கு ஒண்ணு, வலது காதுக்கு ஒண்ணு. அந்த ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதால, பழைய மோனோ பெட்டியில போட்டாலும் ரெண்டையும் சேர்த்துப் படிச்சிடும். அதனால பெட்டி பழசா இருந்தாலும் புதுக் கேசட் வீணாகாது.

வெளிநாட்டுப் பெட்டி வாங்க வசதியில்லாதவங்க, உள்ளூர் மெக்கானிக்கிட்ட ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கிட்டாங்க. ஸ்பீக்கருக்குப் பெட்டி? மண்பானைதான்! பானை வாய்ல ஸ்பீக்கரைக் கவுத்து வெச்சா உள்ள இருக்கிற காத்தும் சேர்ந்து அதிரும், பேஸ் கும்முனு வரும். திண்ணைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பானை. அதான் எங்க ஹை-ஃபை.

டவுன்ல ரெக்கார்டிங் சென்டர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுப்போம். 60 நிமிஷக் கேசட்னா பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. ரெண்டு நாள் கழிச்சு வாங்கணும்.

அந்தப் பாட்டெல்லாம் இன்னிக்கு போன்லயே கிடைக்குது. கிடைக்காதது ஒண்ணு இருக்கு. கேசட் முதுகுல இருக்கிற ஓட்டையில காகிதத்தை அடைச்சு, பழைய பாட்டு மேலயே வீட்டு ஆளுங்க குரலைப் பதிஞ்சு வெச்சாங்க. அம்மாயி பாடின தாலாட்டு, நடவுப் பாட்டு, எழவு வீட்டு ஒப்பாரி, குழந்தை பேசின முதல் பேச்சு. அதுக்கெல்லாம் வேற பிரதியே கிடையாது. நாடாவுல ஒட்டியிருக்கிற இரும்புத் துகள்தான் அந்தக் குரல். ஈரம் பட்டா பூசணம் பூக்கும், துகள் உதிரும்.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பரண்ல பாருங்க. பேர் எழுதாத கேசட்டைத்தான் முதல்ல எடுங்க. பூசணம் இருந்தா ஓட விடாதீங்க, விவரம் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. நல்லா இருந்தா, ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால துடைச்சு, கம்ப்யூட்டர்ல இணைச்சு ஒரே ஒரு தடவை ஓட்டிப் பதிஞ்சுக்குங்க. அது யார் குரல்னு சொல்லக்கூடிய பெரியவங்க இருக்கும்போதே செஞ்சிடுங்க.