வலைப்பின்னல் முகவரிப் பெயர்ப்பு

வலைப்பின்னல் முகவரிப் பெயர்ப்பு என்பது, ஓர் உள்வலைப்பின்னலில் உள்ள பல கணினிகள் ஒரே பொது இணைய முகவரியைப் பகிர்ந்துகொள்ள உதவும் நுட்பமாகும். வழக்கில் இது நேட் எனப்படுகின்றது. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் இப்பணியையும் தீச்சுவர்ப் பணியையும் பெரும்பாலும் ஒரே மென்பொருளே செய்கின்றது. ஆயினும் இவை இரண்டும் வெவ்வேறானவை. முகவரிப் பெயர்ப்பு, பொதியின் முகவரியை மாற்றுகின்றது. தீச்சுவர், பொதியை விடுவதா தடுப்பதா என முடிவு செய்கின்றது. இவ்விரண்டும் எந்த வரிசையில் நடைபெறுகின்றன என்பதை அறியாமையே நடைமுறைப் பழுதுகள் பலவற்றுக்குக் காரணமாகும்.

வரலாறு

ஐபிவி4 முகவரிகள் 32 பிட்டு நீளமுடையவை. எனவே மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உள்ளன. இவை தீர்ந்துவிடும் என்பது 1990களின் தொடக்கத்திலேயே உணரப்பட்டது. எகெவாங், பிரான்சிசு ஆகியோர் 1994 மே மாதத்தில் ஆர்எஃப்சி 1631 ஆவணத்தில் இந்நுட்பத்தை விவரித்தனர். 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் தனிப்பயன்பாட்டுக்கு உரியவை என 1996இல் ஆர்எஃப்சி 1918 வரையறுத்தது. லினக்சில் 2001 சனவரியில் வெளிவந்த 2.4 கருனியுடன் நெட்ஃபில்டர், ஐபிடேபிள்சு ஆகியன அறிமுகமாயின. இவற்றுக்கு மாற்றான என்எஃப்டேபிள்சு 2014இல் 3.13 கருனியில் சேர்க்கப்பட்டது. ஓப்பன்பிஎஸ்டியில் பிஎஃப் எனும் மென்பொருள் 2001 முதல் இப்பணியைச் செய்கின்றது.

செயற்படும் விதம்

கானாடுகாத்தான் போன்ற செட்டிநாட்டு ஊர்களின் பெரிய வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வளவைச் சுற்றியுள்ள அறைகள் வெவ்வேறு புள்ளிகளுக்கு, அதாவது மணமான குடும்பங்களுக்கு, உரியவை. ஆனால் தெருவுக்கு வீட்டின் கதவிலக்கம் ஒன்றே. எந்த அறையிலிருந்து எவருக்குக் கடிதம் சென்றது என முகப்பில் உள்ள கணக்குப்பிள்ளை பேரேட்டில் குறித்து வைத்தால், வரும் மறுமொழியை உரிய அறையில் சேர்க்கலாம். முன்குறிப்பு இல்லாமல் வரும் கடிதம் எவருக்குரியது என்பதைப் பேரேடு காட்டாது.

திசைவியாகச் செயற்படும் கணினியில் இப்பேரேடே இணைப்புக் கண்காணிப்பு அட்டவணை ஆகும். போர்ட் எனப்படும் துறை எண்ணைக் கொண்டு இணைப்புகள் வேறுபடுத்தப்படுகின்றன.

லினக்சில் கடந்து செல்லும் பொதி பின்வரும் வரிசையில் செல்கின்றது:

1. சேருமிட முகவரி மாற்றப்படுதல்
2. வழி தீர்மானிக்கப்படுதல்
3. தீச்சுவர் விதிகள் பொருத்தப்படுதல்
4. மூல முகவரி மாற்றப்படுதல்

எனவே தீச்சுவர் எப்போதும் உள்முகவரியையே காண்கின்றது. பிஎஃப்பில் நிலைமை வேறு. அதில் பெயர்ப்பு முன்னரே நடைபெற்றிருந்தால், வெளிச்செல்லும் பொதிக்கான விதி மாற்றப்பட்ட முகவரியையே காணும்.

பழுதறியும் முறை

முதலில், கருனியில் பொதிகளை முன்செலுத்தும் அமைப்பு இயக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்கவேண்டும். கட்டளை வழியாக மட்டும் இயக்கியிருந்தால் கணினியை மறுதொடக்கம் செய்யும்போது அது அழிந்துவிடும்.

அடுத்து டிசிபிடம்ப் மென்பொருள் கொண்டு உள், வெளி இடைமுகங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிக்கவேண்டும்.

- பொதி உள்ளே வந்து வெளியே செல்லவில்லை எனில், பழுது முன்செலுத்தலிலோ தீச்சுவர் விதியிலோ வழியமைப்பிலோ உள்ளது.
- 192.168 எனும் மூல முகவரியுடனேயே வெளியேறினால், பெயர்ப்பு விதி பொருந்தவில்லை. விதியில் இடைமுகத்தின் பெயர் தவறாக இருப்பது இதற்குப் பொதுவான காரணமாகும்.
- பொது முகவரியுடன் சென்றும் மறுமொழி வரவில்லை எனில், பழுதை வெளியே தேடவேண்டும்.
- மறுமொழி வெளி இடைமுகம் வரை வந்து உள்ளே செல்லவில்லை எனில், ஏற்கனவே நிறுவப்பட்ட இணைப்புகளை அனுமதிக்கும் விதி இல்லாதிருக்கலாம்.

ஒவ்வொரு விதிக்கும் உரிய பொதி எண்ணிக்கையும் உதவும். எண்ணிக்கை சுழியமாகவே இருந்தால், பொதி அவ்விதியை அடையவில்லை அல்லது அதனுடன் பொருந்தவில்லை. மேலுள்ள வேறொரு விதி அதை முன்னரே தடுத்திருக்கக்கூடும்.

லினக்சில் பெயர்ப்பு விதிகள் ஓர் இணைப்பின் முதற்பொதிக்கு மட்டுமே பார்க்கப்படுகின்றன. ஆகவே விதியைத் திருத்திய பின்னும் பழைய இணைப்புகள் முன்போலவே நடந்துகொள்ளும். அவற்றைக் கண்காணிப்பு அட்டவணையிலிருந்து நீக்கிய பின்னரே சோதிக்கவேண்டும்.

சிறிய பக்கங்கள் திறந்து பெரியவை பாதியில் நின்றால், பொதியின் அளவு காரணமாகலாம். தொலைபேசிக் கம்பி வழி அகலப்பட்டைச் சேவைகளில் பயன்பட்ட பிபிபிஓஇ நெறிமுறையில் பொதியின் உச்ச அளவு 1500க்குப் பதிலாக 1492 பைட்டு ஆகும். இதை அறிவிக்கும் ஐசிஎம்பி செய்திகளைத் தீச்சுவர் முழுமையாகத் தடுத்தால் இப்பழுது தோன்றும்.

இந்தியச் சூழல்

ஆசிய பசிபிக் பகுதியின் முகவரி இருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுதியை எட்டியது. இன்று சேவை வழங்குநர் பலர் தம் அளவிலேயே மற்றொரு முறை முகவரியைப் பெயர்க்கின்றனர். இதற்கென 100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகள் 2012இல் ஒதுக்கப்பட்டன. வீட்டுத் திசைவியின் வெளி முகவரி இவ்வரம்பில் இருந்தால், வெளியிலிருந்து வரும் ஐபிவி4 இணைப்புகளை ஏற்க வீட்டில் எத்தனை விதிகள் எழுதினாலும் பயனில்லை. வழங்குநரிடம் பொது முகவரி பெறுவது, ஐபிவி6ஐப் பயன்படுத்துவது, வெளியிலுள்ள வழங்கிக்குச் சுரங்கவழி அமைப்பது ஆகியனவே வழிகளாகும்.

பாதுகாப்பு

முகவரிப் பெயர்ப்பு தீச்சுவருக்கு மாற்றாகாது. ஐபிவி6இல் கணினிகள் பெரும்பாலும் நேரடிப் பொது முகவரி பெறுகின்றன. ஐபிடேபிள்சில் ஐபிவி4க்கு எழுதிய விதிகள் ஐபிவி6க்குப் பொருந்தா. அதற்குத் தனி விதிகள் எழுதாவிடில், பூட்டிய முன்வாசலுக்குப் பின் கொல்லைக்கதவு திறந்தே கிடக்கும்.

பழுதறிவதற்காக விதிகளை முழுவதும் அழிப்பது பலரது வழக்கமாகும். ஐபிடேபிள்சில் இவ்வாறு செய்யும்போது விதிகள் அழியுமே தவிர இயல்புநிலைக் கொள்கை மாறாது. அக்கொள்கை தடுத்தல் என இருந்தால், தொலைவிலிருந்து பணிபுரிபவர் தம் வழங்கியிலிருந்து தாமே வெளியேற்றப்படுவார். எனவே குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யாவிடில் பழைய விதிகளை மீட்கும் ஐபிடேபிள்சு-அப்ளை போன்ற கருவிகளைப் பயன்படுத்துவது நலம்.

இவற்றையும் பார்க்கவும்

- தீச்சுவர்
- திசைவி
- ஐபிவி6